மூளையைத் தட்டி, விடையைச் சுருக்கி

கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. இப்படிக் கிடப்பவருக்கு உள்ளே சுயநினைவு இருக்கிறதா என்று அளக்க முடியுமா எனக் கேட்டிருந்தார் ஒரு வாசகர். ஓரளவு முடியும். மிலான் பல்கலைக்கழகத்தின் மார்செல்லோ மஸிமினி குழு 2013-ல் வெளியிட்ட முறை அது.

தலையோடு ஒட்டி ஒரு காந்தச் சுருளைப் பிடித்து, ஒரு மில்லிநொடிகூட நீடிக்காத காந்தத் துடிப்பால் மூளையின் வெளியடுக்கான புறணியில் ஓரிடத்தைத் தட்டுவார்கள். அடுத்த 300 மில்லிநொடியில் அதன் எதிரொலி எங்கெல்லாம் போகிறது என்பதை, மூளையின் மின்னலைகளைத் தலைமேல் இருந்து பதியும் இஇஜி கருவி பதியும். நூற்றுக்கணக்கான முறை தட்டிச் சராசரி எடுத்தால்தான் இரைச்சலிலிருந்து எதிரொலி பிரியும்.

இனி வருவதுதான் அழகு. புறணியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிரை, ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு நிரல். எதிரொலி உறுதியாகத் தெரிந்த கட்டத்தில் 1, மற்றதில் 0. இந்த அட்டவணையை லெம்பெல்-ஸிவ் முறையில் சுருக்குகிறார்கள். நாம் கோப்புகளை ஸிப் செய்வதும் இதே குடும்பத்து முறைதான். 010101010101 என்பதை "01, ஆறு முறை" என்று சொல்லிவிடலாம். 011010001110-ஐ அப்படிச் சொல்ல வராது.

ஆழ்ந்த உறக்கத்தில் தட்டினால், தட்டிய இடத்து நரம்பணுக்கள் ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கிவிடும். எதிரொலி அங்கேயே நிற்கும், அல்லது எங்கும் ஒரே மாதிரிப் பேரலையாகப் பரவும். இரண்டுமே எளிதாகச் சுருங்கும். விழிப்பிலோ பல பகுதிகளுக்கும் போகும், ஒவ்வொன்றும் தன் பாணியில் பதில் சொல்லும். அட்டவணை சுருங்க மறுக்கும். எவ்வளவு மறுக்கிறது என்பதைத்தான் ஒரு எண்ணாகச் சொல்கிறார்கள். வெறும் இரைச்சலும் சுருங்காதே என்றால், அது ஏற்கெனவே 0 ஆக வடிகட்டப்பட்டுவிட்டது. கெட்டமைன் என்ற மருந்து தரும் மயக்கத்தில் உடல் அசையாது, கனவு ஓடும். அப்போதும் எண் உயர்ந்தே நிற்கிறது. உடலசைவை நம்பாத அளவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

உணர்வு என்றால் என்ன என்பதற்கு இது விடையல்ல. ஆனால் "பிரபஞ்ச உணர்வு", "குவாண்டம் மனம்" என்ற அளக்க முடியாத பேச்சுகளைவிட, படுக்கையோரம் கொண்டுபோய்ச் சோதிக்க முடிந்த இந்த ஒரு எண்ணுக்கு ஆராய்ச்சிப் பணம் போவதையே விரும்புவேன்.

தவறுகளும் நேரும். சுருளின் 'டிக்' ஒலி காதில் விழுந்தால், அதற்கான மூளைப் பதிலும் கணக்கில் கலந்துவிடும். அதனால் காதில் இரைச்சல் ஒலி கொடுத்து மறைக்க வேண்டும். நெற்றித் தசை துடித்தால் அந்தப் பதிவு வீண். அடிபட்டுச் செத்த திசுவின் மேல் தட்டினால் பதிலே வராது. அதை "சுயநினைவில்லை" என்று படித்துவிடக் கூடாது. பல இடங்களில் தட்டி, கிடைத்தவற்றில் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். 2016-ல் வகுத்த எல்லை 0.31; அதைத் தாண்டினால் உள்ளே சுயநினைவு இருக்கலாம் என்று பொருள். அந்த ஆய்வில், விழித்திருந்தும் உணர்வற்றவர் என வகைப்படுத்தப்பட்ட 43 பேரில் 9 பேர் அதைத் தாண்டினார்கள்.