டைனமோவைப் போட்டா சைக்கிள் ஏன் பாரமாகுது?

உப்புவெளியில இருந்து திருகோணமலை டவுனுக்கு டியூஷனுக்கு வந்து இரவில திரும்பி உழக்கின ஆக்களுக்கு இது தெரியும், கடல்காத்து முகத்தில அடிக்கேக்க லைட்டுக்குக் கரண்ட் தாற டைனமோவையும் டயரில சாய்ச்சுவிட்டா ஆரோ பின்னுக்கிருந்து சட்டையப் பிடிச்சு இழுக்கிற மாதிரி சைக்கிள் பாரமாகும். அப்பாட்ட கேட்டா "டயரில உரஞ்சுதெல்லோ, அதுதான்" எண்டுவார். ஓஎல் வரைக்கும் நானும் அப்பிடித்தான் நினைச்சனான். உரசலும் இருக்குதான், ஆனா அது மட்டுமில்ல.

டைனமோ பின்சில்லில எண்டா சைக்கிளை ஸ்டாண்டில ஏத்தி, டைனமோவை டயரில முட்டவிட்டு, லைட்டுக்குப் போற வயரைக் கழட்டிப்போட்டு பெடலைக் கையால சுத்துங்கோ. பிறகு வயரைக் கொழுவி அதே வேகத்தில சுத்துங்கோ. லைட் பத்தேக்க கைக்கே வித்தியாசம் தெரியும். உரசல் ரெண்டு தரமும் ஒண்டுதானே, அப்ப கூடின பாரம் எங்கயிருந்து வந்தது?

பழுதான டைனமோ ஒண்டைக் கழட்டிப் பாத்தனான். நடுவில உருளையா ஒரு காந்தம், அதைச் சுத்தி இரும்புத் துண்டுகள், அதோட மெல்லிய செப்புக்கம்பி நூல்கட்டை மாதிரி நெருக்கமாச் சுத்தியிருக்கு. டயர் சுத்த காந்தம்தான் சுத்தும், கம்பி அசையாது. கனபேர் "காந்தம் கரண்ட் தரும்" எண்டு சோதனையில எழுதிப்போட்டு புள்ளி இழக்கினம். சும்மா நிக்கிற காந்தம் ஒண்டும் தராது, அந்தக் கம்பிச் சுருளுக்குள்ளால போற காந்தப்பாயம், அதாவது காந்தப்புலத்தின்ர அளவு, மாறவேணும், மாறேக்க மட்டும்தான் மின்னியக்கவிசை, அதாவது கரண்டைத் தள்ளுற வோல்ட்டளவு, வரும், வேகமா மாறினா கூடவா வரும். 1831ல விஞ்ஞானி பரடே கண்டுபிடிச்சது இதைத்தான். காந்தத்தின்ர வடமுனையும் தென்முனையும் மாறிமாறி வாறதால வாறது ஆடலோட்டம், அதாவது திசை மாறிமாறிப் போற கரண்ட், அதாலதான் மெதுவா உழக்கினா லைட் துடிக்கும்.

இப்ப பாரத்துக்கு வருவம். வயர் கழண்டிருந்தா மின்னியக்கவிசை இருக்கும், ஆனா ஓட்டம் (கரண்ட்) இல்ல. வயரைக் கொழுவினா சுருளில ஓட்டம் போகும், ஓட்டம் போற சுருள் தானும் ஒரு காந்தமாகும், அந்தக் காந்தம் சுத்துற காந்தத்துக்கு உதவி செய்யாது, எதிர்த்து நிக்கும். கிட்ட வாற முனையைத் தள்ளும், விலகிப் போற முனையைப் பிடிச்சு இழுக்கும். 1834ல லென்ஸ் எண்ட விஞ்ஞானி சொன்ன விதி இதுதான். எனக்குப் பௌதிகவியலில ஆகப் பிடிச்ச விதியும் இதுதான், ஏனெண்டா மறுவளமா யோசிச்சுப் பாருங்கோ, சுருள் உதவி செய்தா காந்தம் இன்னும் வேகமாச் சுத்தும், ஓட்டம் இன்னும் கூடும், ஒருக்கா உழக்கிவிட்டா நிலாவெளி வரைக்கும் சைக்கிள் தானாப் போகும், லைட்டும் சும்மா பத்தும். சக்தி அப்பிடி இலவசமா வராது. 6 வோல்ட், 3 வாட் டைனமோ எண்டா அரை அம்பியர் ஓட்டம், அந்த 3 வாட்டும் உங்கட கால் குடுக்கிறதுதான், டைனமோ சூடாகிறதில போற சக்தியும் கால் குடுக்கிறதுதான்.

மகாவலி ஆத்தில இருக்கிற விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணியில ஓடுற, மொத்தம் 210 மெகாவாட் ஜெனரேட்டர்களுக்கும் இதே கதைதான். பொழுதுபட நாங்கள் வீட்டில லைட்டும் ஃபேனும் போடப்போட அந்தச் சுருள்களில ஓட்டம் கூடும், தண்ணி சுத்துற சுழலி பாரமாகும், வேகம் விழப் பாக்கும், கரண்டை 50 ஹேட்ஸில, அதாவது செக்கனுக்கு 50 ஆட்டத்தில, நிக்கவைக்க இன்னும் தண்ணி திறந்துவிட வேணும். அங்க காலுக்குப் பதிலா உழக்கிறது மகாவலித் தண்ணி, வயலுகளுக்குப் போனது போக மிச்சம் மூதூர்ப் பக்கம் எங்கட கொட்டியாரக் குடாவிலதான் வந்து விழுது.