போட்டி நெருங்கும்போது கிழியும் முட்டி

2022 ஜூலை 5. பெண்கள் யூரோ கால்பந்துக் கோப்பை மறுநாள் இங்கிலாந்தில் தொடங்க இருந்தது. ஸ்பெயின் அணிக்கு முதல் ஆட்டம் 8ஆம் தேதி. 5ஆம் தேதிப் பயிற்சியிலேயே அலெக்சியா புட்டேயாஸின் இடது முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்தது. முந்தைய ஆண்டுதான் உலகின் சிறந்த வீராங்கனைக்கான பலோன் தோர் விருது வாங்கியவர், அந்த அணியின் உயிர்நாடி. மாதக்கணக்கில் தயாரான ஒரு போட்டியை அவர் வெளியில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஸ்பெயின் காலிறுதியில் இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது.

நான் திருச்சியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கழுத்துவலி, இடுப்புவலிக்காரர்கள். ஆனால் முதலமைச்சர் கோப்பை, பல்கலைக்கழகப் போட்டி என்று ஏதாவது பெரிதாக நெருங்குகிற மாதங்களில் வேறு கூட்டம் வரும். ஜெர்சியைக்கூட மாற்றாத பெண் பிள்ளைகள், ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் பி.டி. மாஸ்டர் தாங்கிப் பிடிக்க, நொண்டிக்கொண்டே உள்ளே வருவார்கள்.

“எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டால் பதில் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். “யாரும் மோதலக்கா. பந்தை எடுத்துக்கிட்டுத் திரும்பினேன். உள்ள டக்குனு ஒரு சத்தம். அப்புறம் கால் நிக்கல.”

அந்த ‘டக்’தான் ஏ.சி.எல். தமிழில் முன்சிலுவைத் தசைநார் என்று எழுதுகிறார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், தடிமன் ஏறக்குறைய சுண்டுவிரல் அளவு. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இழுத்துப் பிடிப்பது இதுதான். கிழிவதற்கு ஆகும் நேரமோ, பாதம் தரையில் பட்டதிலிருந்து ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். அதற்குள் யோசித்துக் காலைச் சரியாக வைக்க யாராலும் முடியாது. உடம்பு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

பெண் வீராங்கனைகளுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். 2023 உலகக் கோப்பைக்கு முன்னால் இது உலகத்துக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது. யூரோவின் சிறந்த வீராங்கனையான பெத் மீட் 2022 நவம்பரில், நெதர்லாந்தின் விவியான் மீடெமா டிசம்பரில், இங்கிலாந்தின் தலைவி லியா வில்லியம்சன் 2023 ஏப்ரலில் என்று வரிசையாக விழுந்தார்கள். மூவரும் ஆர்செனல் கிளப்பில் ஒன்றாக விளையாடியவர்கள். மூவருமே உலகக் கோப்பைக்குப் போகவில்லை. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் செல்சியின் பயிற்சி முகாமில் இதே காயத்தோடு விழுந்து, அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தார்.

காரணம் கேட்டால் பலரும் இடுப்பெலும்பின் அகலம், ஹார்மோன் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மாதவிடாய்ச் சுழற்சிக்கும் இந்தக் காயத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆராயப்பட்டு வருகிறதே தவிர உறுதியாகவில்லை. எனக்கு இந்தப் பேச்சில் ஒரு பெரிய மனக்குறை உண்டு. “பொண்ணு உடம்பே அப்படித்தான்” என்று சொல்லி முடித்துவிட்டால், நம்மால் மாற்றக்கூடிய எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. பையன்கள் பத்து வயதிலிருந்தே தெருவில் குதித்து விழுந்து பழகுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்பில்தான் முதல் தடவை பந்தைத் தொடுகிறார்கள். எடைப் பயிற்சியா, அதெல்லாம் பெண்களுக்கு எதற்கு என்கிறார்கள். பூட்ஸ் அண்ணனுடையதாகவோ, ஆண்களின் பாத அளவுக்குச் செய்ததாகவோ இருக்கும். காலையில் ஒரு டீயோடு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தம் குறைந்த உடம்பு சீக்கிரம் களைக்கும். களைத்த தொடை முட்டியைக் காப்பாற்றாது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது ‘கேம்ப்’ என்ற பெயரில் நடக்கும் அந்தப் பத்து நாளைத்தான். தேர்வு, விடுமுறை என்று இரண்டு மாதம் ஒரு பயிற்சியும் இருக்காது. போட்டித் தேதி வந்ததும் காலை இரண்டரை மணி நேரம், மாலை இரண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டம் வேறு. பயிற்சியாளர்கள் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை, அவர்களுக்குக் கிடைக்கும் நாளே அவ்வளவுதான். ஆனால் தசைக்கும் நாருக்கும் பளு மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும். தேசிய அணிகளில் வீராங்கனைகள் ஜெர்சிக்கு அடியில் ஒரு சின்ன ஜி.பி.எஸ். கருவி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை வேகமெடுத்தார், எத்தனை முறை சட்டென்று நின்றார் என்று அது கணக்கெடுக்கும். போன வாரத்தைவிட இந்த வாரம் பளு ஒரேயடியாக எகிறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு. அத்தனை கவனத்துக்கு நடுவிலேயே புட்டேயாஸுக்கு நடந்தது என்றால், கவனமே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கருவி வாங்க முடியாவிட்டால் ஒரு நோட்டு போதும். பயிற்சி எத்தனை நிமிடம், எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மார்க், இரண்டையும் பெருக்கி எழுதி வையுங்கள். வாரக் கூட்டுத்தொகை திடீரென்று இரட்டிப்பானால் அந்த வாரம் ஆபத்தான வாரம்.

நம் பெண்கள் அணிக்கு இது எவ்வளவு முக்கியமான காலம் என்பதும் என் மனதில் ஓடுகிறது. 2022 ஜனவரியில் நவி மும்பையில் நாமே நடத்திய ஆசியக் கோப்பையில், கொரோனாவால் சீன தைபேவுக்கு (தைவான் அணிக்கு) எதிராகத் தேவையான 13 பேரைக்கூடத் திரட்ட முடியாமல் இந்தியா போட்டியிலிருந்தே வெளியேறியது. மூன்றரை ஆண்டு கழித்து, 2025 ஜூலை 5ஆம் தேதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அந்நாட்டு அணியையே 2-1 என்று வென்று, தகுதிச்சுற்று வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018லும் 2023லும் சீனியர் தேசியக் கோப்பையை வென்றவர்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். இவர்களைப் பார்த்துத்தான் இப்போது இவ்வளவு பிள்ளைகள் வருகிறார்கள். வருகிற பிள்ளைகளைக் கிழியாத முட்டியோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் என் கவலை.

சரி, என்ன செய்யலாம்? உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மருத்துவக் குழு 2006இல் உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்ற வார்ம்-அப் இருக்கிறது. 20 நிமிடம், 15 பயிற்சி. மெதுவான ஓட்டத்தில் ஆரம்பித்து, முழங்கையில் உடம்பைத் தாங்கும் பிளாங்க், ஒற்றைக்கால் நிலை, உட்கார்ந்தெழும் ஸ்குவாட், குதித்து இறங்குதல், பின்தொடைக்கு முழந்தாளிட்டு முன்னால் சாயும் பயிற்சி என்று போய், வேகமாக ஓடித் திரும்புவதில் முடியும். பந்தைத் தவிர வேறு சாமானே வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் ஒரு முழு சீசன் இதைச் செய்து பார்த்தபோது மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் வாரம் இரண்டு முறையாவது, சீசன் முழுக்கச் செய்தால்தான் பலன். இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு, நின்ற இடத்தில் காலை இழுத்து நீட்டுவது இதற்கு ஈடாகாது.

இதில் பிள்ளைகளுக்கு மனதில் பதிகிற மாதிரி நான் ஒன்று செய்வேன். முப்பது சென்டிமீட்டர் உயர ஸ்டூலில் ஏறி நின்று கீழே குதிக்கச் சொல்வேன். முன்னால் போனை வைத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுப்பேன். போன வருடம் ஒரு ப்ளஸ் டூ பிள்ளை, கோல்கீப்பர், தன் வீடியோவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது.” ஆமாம், அதுதான். இறங்கும்போது பாதம் வெளியே, முட்டி உள்ளே. அந்தச் சாய்வில்தான் நார் முறுக்கிக் கிழிகிறது. முட்டி எப்போதும் கால் விரலுக்கு நேராக இருக்க வேண்டும், சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்று இரண்டே விஷயம் சொல்லிக் கொடுத்தேன். கூடவே இடுப்புப் பக்கத் தசைக்கும் பின்தொடைக்கும் பயிற்சி. ஆறு வாரம் கழித்து அதே ஸ்டூல், அதே போன். இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு கால்பந்து நுழையும் அளவுக்கு இடைவெளி.

அடிபட்டுவிட்டால் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முட்டியில் ‘டக்’ சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் மளமளவென்று வீங்கினால், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். அன்றே எண்ணெய் போட்டு உருவி விடுவதோ, இறுக்கக் கட்டுப்போட்டு மறப்பதோ வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, பிள்ளை சாதாரணமாக நடக்க ஆரம்பித்துவிடும். இங்கேதான் எல்லாரும் ஏமாந்து போகிறார்கள். நேராக நடக்க ஏ.சி.எல். அவ்வளவாகத் தேவையில்லை. “சரியாயிடுச்சு மேடம்” என்று மறுபடி மைதானத்துக்குப் போய், திரும்பும்போது முட்டி நழுவி, இந்தத் தடவை உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்து வருகிறவர்கள் என் பதிவேட்டில் நிறைய பேர். ஸ்வீடனில் ஏ.சி.எல். கிழிந்த பெண் கால்பந்து வீராங்கனைகளை 12 ஆண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு முட்டித் தேய்மானம் வந்திருந்தது. அவர்களின் சராசரி வயது 31. பாட்டிக்கு வரும் மூட்டுத் தேய்மானம், கைக்குழந்தை வைத்திருக்கும் வயதில்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் நான் அடிக்கடி சண்டை போடுவது தேதிக்காக. புதிதாக வைக்கும் நார், பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்தது. அது உள்ளே போய், ரத்த ஓட்டம் பிடித்து, மெல்ல முட்டியின் நாராக மாற மாதங்கள் ஆகும். வலி போன பிறகும் அது வலுவில்லாமல்தான் இருக்கும். நார்வேயில் செய்த இன்னோர் ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் மைதானத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புட்டேயாஸ் ஏறக்குறைய பத்து மாதம் கழித்துத்தான் களமிறங்கினார், அவ்வளவு வசதி இருந்தும். 2023 உலகக் கோப்பையிலும் அவரை அளந்து அளந்துதான் ஆடவைத்தார்கள். சிட்னியில் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் உள்ளே வந்தார், ஸ்பெயின் கோப்பையை வென்றபோது மைதானத்தில் இருந்தார்.

இந்த மாதம் என்னிடம் ஒரு கல்லூரி மாணவி வந்துகொண்டிருக்கிறாள். நடுக்கள ஆட்டக்காரி, வலது முட்டி, அறுவை முடிந்து எட்டு மாதம். அடுத்த வாரம் மண்டலப் போட்டி. அவள் அப்பா பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர், இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் அழைத்து வந்திருந்தார். “ஒரே ஒரு மேட்ச் மேடம். கோட்டா சீட்டுக்கு இந்த சர்டிஃபிகேட் ரொம்ப முக்கியம்” என்றார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். தரையில் டேப் ஒட்டி ஒற்றைக்கால் தாவல் வைத்தேன். இடது கால் 142 சென்டிமீட்டர். வலது கால் 118. அடிபடாத காலில் 90 சதவீதமாவது வர வேண்டும், இவளுக்கு 83. இறங்கும்போது முட்டி லேசாக உள்ளே போனதை அவளே பார்த்துவிட்டாள்.

“அண்ணா, இன்னும் ஆறு வாரம் குடுங்க. அப்புறம் மறுபடி அளப்போம்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து போய், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஆறு வாரத்துத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைத்தாள்.