சிஎஃப்எம் எண்ணை மட்டும் பார்த்து பிராசசர் ஃபேன் வாங்காதீர்கள்

இந்த வாரமும் என்னிடம் ரிப்பேருக்கு இப்படி ஒரு கம்ப்யூட்டர் வந்தது. போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்யும் சிஸ்டம். "ரெண்டு தடவை விண்டோஸ் மாத்திப் போட்டாச்சு, ராம் கூட ஏத்தியாச்சு, எக்ஸ்போர்ட் கொடுத்தா பத்து நிமிஷத்துல இழுக்க ஆரம்பிச்சிடுது" என்றார் கொண்டுவந்தவர். பக்கத் தகட்டைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க், தகடுகளைக் கோபுரம் மாதிரி அடுக்கிய நல்ல டவர் ரகம்தான். அதோடு வந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, கலர் விளக்கு எரியும் கேபினட் ஃபேன் ஒன்றை க்ளிப்பில் மாட்டியிருந்தார்கள். லோடு கொடுத்தால் பிராசசர் 100 டிகிரியைத் தொடுகிறது, உடனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கேட்டால், "பழசை விட இதுல சிஎஃப்எம் அதிகம்னு பெட்டியிலேயே போட்டிருந்ததே!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சிஎஃப்எம் என்பது ஃபேன் ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்றைத் தள்ளுகிறது என்ற கணக்கு. பெட்டியில் அச்சிடும் அந்த எண், ஃபேனுக்கு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது. உங்கள் ஃபேன் அப்படியா இருக்கப்போகிறது? ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகளுக்குள் காற்றைத் தள்ள வேண்டும். கொசுவலைக்குள் படுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும், உள்ளே வந்து சேரும் காற்று பாதிகூட இருக்காது. தடையை மீறித் தள்ளும் பலம் தனி. அதற்குத்தான் ஸ்டேட்டிக் பிரஷர் என்று இன்னொரு எண் இருக்கிறது. மில்லிமீட்டர் நீர் அளவில் போட்டிருப்பார்கள். அதுவும் காற்று வெளியேறும் வழியை முழுக்க அடைத்து அளந்த உச்சம்தான். நிஜத்தில் ஃபேன் இந்த இரண்டு உச்சத்துக்கும் நடுவில் எங்கோ ஓடுகிறது. ஹீட்சிங்கில் தகடுகள் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு பிரஷர் பக்கம் சாயும்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு ஃபேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்டுவாவின் என்எஃப்-எஸ்12ஏ, 1200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1200 சுற்று) சுமார் 63 சிஎஃப்எம் தருகிறது; பிரஷர் 1.19 மி.மீ. அதே நாக்டுவாவின் என்எஃப்-எஃப்12, 1500 ஆர்பிஎம்மில் 55 சிஎஃப்எம்தான். ஆனால் பிரஷர் 2.61 மி.மீ. இரண்டும் 120 மி.மீ. ஃபேன்தான், தரத்திலும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. சிஎஃப்எம் மட்டும் பார்ப்பவர் முதலாவதைத்தான் எடுப்பார். ஆனால் அது கேபினட்டுக்காகச் செய்தது, ஹீட்சிங்குக்கு ஏற்றது இரண்டாவதுதான். தயாரித்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். சிஎஃப்எம் அதிகம் என்றால் குளிர்ச்சி அதிகம் என்ற கணக்கு ஹீட்சிங்கில் செல்லாது. தகடுகளுக்கு இடையே இடைவெளி தாராளமாக உள்ள ஹீட்சிங்குகளில் இந்த வித்தியாசம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் நெருக்கத் தகடு ரகம்தான்.

பெட்டியில் 2000 ஆர்பிஎம், 70 சிஎஃப்எம், 18 டெசிபல் என்று மூன்றும் சேர்ந்து எழுதியிருந்தால் அந்த ஃபேனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அவ்வளவு வேகத்தில் அவ்வளவு குறைந்த சத்தம் நடக்காது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்காகும், பிரஷர் நான்கு மடங்காகும், சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். அதற்குத் தப்பிய ஃபேன் கிடையாது. இன்னொன்று, ஃபிரேமைச் சுற்றி விளக்கு வளையம் வைத்த மாடல்களில் அந்த வளையத்துக்கு இடம் விட்டு இறக்கையைச் சிறிதாக்கியிருப்பார்கள். 120 மி.மீ. என்பது வெளிச் சட்டத்தின் அளவு மட்டுமே.

இரண்டு ஃபேன்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்பவர்களும் பெரும்பாலும் தப்பாகத்தான் செய்கிறார்கள். காலையில் ஒன்றைப் பார்த்துவிட்டு மதியம் இன்னொன்றைப் பார்த்தால் அறையின் சூடே முடிவை மாற்றிவிடும். 28 டிகிரி அறையில் 70 காட்டிய அதே ஃபேன், 38 டிகிரி அறையில் 80-ஐ ஒட்டிக் காட்டும். அதனால் அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு மீதியை எழுதிக்கொள்ளுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றாதீர்கள், கழற்றினால் பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் மாறும், ஒப்பீடு கெட்டுவிடும். க்ளிப்பில் ஃபேனை மட்டும் மாற்றுங்கள். குறைந்தது இருபது நிமிடம் முழு லோடில் ஓடட்டும். இரண்டையும் முழு வேகத்தில் ஓட விட்டால் அதிகம் இரைவதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. காதுக்கு ஒரே அளவு சத்தம் கேட்கும்படி வேகத்தை பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரையில்) குறைத்து வைத்துவிட்டு, அப்போது எது சூட்டைக் குறைவாக வைக்கிறது என்று பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள் முழு லோடில் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. அவற்றில் டிகிரியை விட்டுவிட்டு, எந்த ஃபேனில் பிராசசர் ஓடும் வேகம் (கிளாக்) அதிகமாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வயர் விஷயத்தில் தயவுசெய்து விளையாட வேண்டாம். பிராசசர் ஃபேனை பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் மோலெக்ஸ் வயரில் சொருகினால் மதர்போர்டுக்கு அது ஓடுகிறதா நின்றதா என்றே தெரியாது. ஆன் செய்ததும் வரும் ஃபேன் எரர் செய்தி தொல்லையாக இருக்கிறது என்று அதை பயாஸில் அணைத்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் ஃபேன் நின்றால் உங்களுக்கு யார் சொல்வது? நான்கு பின் கனெக்டர் உள்ள ஃபேன் வாங்குங்கள். பிராசசர் ஃபேனுக்கென்று போர்டில் குறித்திருக்கும் பின்னிலேயே மாட்டுங்கள். காற்று போகும் திசையையும் பாருங்கள்: ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பிகளும் உள்ள பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். கேபினட்டின் பின்பக்க ஃபேனுக்கு எதிராகத் தள்ளும்படி மாட்டியதை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேண்டுகோள். புது ஃபேன் வாங்கும் முன் பழைய ஃபேனைக் கழற்றி, அதன் பின்னால் தகடுகளைப் பாருங்கள். இறக்கை பளிச்சென்று இருந்தாலும் பின்னால் தூசி கம்பளித் துணி மாதிரி படர்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகங்களிலிருந்து வரும் சிஸ்டங்களில் பஞ்சு இழை தகடுகளை முழுக்கவே மூடியிருக்கும். அதை உரித்து எடுத்தாலே பல சிஸ்டங்கள் சரியாகிவிடும், ஃபேனே வாங்க வேண்டாம். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்ற விட்டால் பேரிங் கெட்டுவிடும்.

பேஸ்ட் காய்ந்துபோய் ஹீட்சிங்கையும் கழற்ற வேண்டி வந்தால், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டுகளில் நேராக மேலே இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். பின்கள் வளைந்தால் அதை நிமிர்த்துவது எல்லா நேரமும் நடக்காது.