ஏடிஎச்டி மருந்து கடையில் இல்லையா? அமெரிக்க விதிகள் தரும் வழிகள்

கவனம் சிதறுவது, ஓரிடத்தில் நிலைகொள்ள முடியாதது போன்ற சிரமங்களைத் தரும் ஏடிஎச்டி குறைபாட்டுக்கான அடரால் மாத்திரைக்கு அமெரிக்காவில் தட்டுப்பாடு என்று அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது 2022 அக்டோபரில். அடுத்த ஆண்டே வைவான்ஸ், மெத்தில்ஃபெனிடேட் வகை (ரிட்டலின், கான்சர்ட்டா போன்றவை) மருந்துகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அப்புறம் நிலைமை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. இன்றும் ஒரு மாதம் கிடைக்கும் மருந்து அடுத்த மாதம் அதே ஃபார்மசியில் இல்லாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் நோயாளிக்குக் கைகொடுக்கும் சில விதிகள் இருக்கின்றன. 2023-இல் வந்த இரண்டு மாற்றங்கள் அவற்றில் முக்கியமானவை. கவுன்ட்டரில் நாமாகக் கேட்டால் ஒழிய அவை பேச்சில் வருவதே அரிது.

முதலில் சிக்கலின் வேர். அடரால், ரிட்டலின், கான்சர்ட்டா, வைவான்ஸ் எல்லாமே 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாம் அட்டவணையில் உள்ள கட்டுப்பாட்டு மருந்துகள், அதாவது தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதால் அரசு கடுமையாகக் கண்காணிப்பவை. இவற்றுக்கு ரீஃபில், அதாவது அதே மருந்துச் சீட்டில் மறுபடி வாங்குவது, கிடையாது. நாடு முழுவதும் ஓர் ஆண்டில் எவ்வளவு தயாரிக்கலாம் என்பதையும் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏ தான் நிர்ணயிக்கிறது. ஆனால் அந்த உச்சவரம்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2022-இல் அடராலில் உள்ள ஆம்ஃபெட்டமின் மருந்தின் தயாரிப்பாளர்கள் தங்களுக்கு அனுமதித்த அளவில் சுமார் 70 விழுக்காட்டையே விற்றார்கள் என்று 2023 ஆகஸ்டில் எஃப்டிஏவும் டிஇஏவும் சேர்ந்து வெளியிட்ட கடிதம் சொன்னது. யார் பக்கம் தவறு என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். போன் மேல் போன் போட்டு, ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து, பின்தொடரும் வேலை முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்தது. அந்த வகை வேலைதான் ஏடிஎச்டி உள்ளவருக்கு மிகவும் கடினம். இது அநியாயம்.

சரி, முதல் மாற்றம். முன்பெல்லாம் ஒரு ஃபார்மசிக்குப் போன மருந்துச் சீட்டை (பிரிஸ்கிரிப்ஷனை) இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. மருத்துவரைப் பிடித்து, பழையதை ரத்து செய்யச் சொல்லி, புதிதாக அனுப்பச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மின்னணு முறையில் வந்த பிரிஸ்கிரிப்ஷனை நோயாளி கேட்டுக்கொண்டால் ஒரு ஃபார்மசியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். காகிதச் சீட்டுக்கு இது பொருந்தாது. மாநிலச் சட்டமும் அனுமதிக்க வேண்டும். இரண்டு மருந்தாளுநர்களும் நேரடியாகப் பேசி முடிக்க வேண்டிய வேலை இது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மாற்றம் ஒரே ஒரு முறைதான். அதனால் மாற்றச் சொல்வதற்கு முன்பே, போக வேண்டிய கடையில் மருந்து உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், மாத்திரையா கேப்ஸ்யூலா, ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து) போதுமா என்பதையெல்லாம் சேர்த்துக் கேளுங்கள். கட்டுப்பாட்டு மருந்தின் இருப்பைப் போனில் சொல்லாத கடைகளும் உண்டு, அங்கே நேரில்தான் போக வேண்டும். இன்னொன்று: பழைய கடை இன்சூரன்ஸுக்கு ஏற்கனவே பில் அனுப்பியிருந்தால் அதைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் புதிய கடையில் ‘இந்த மாதத்துக்கு வாங்கியாயிற்று’ என்று இன்சூரன்ஸ் மறுத்துவிடும். மாற்றித் தர முடியாது என்று ஃபார்மசி சொன்னால், மருத்துவரிடம் புதுச் சீட்டு கேட்கும் பழைய வழி இருக்கவே இருக்கிறது.

இரண்டாவது மாற்றம் பகுதியளவு வாங்குவது பற்றியது. இங்கே கோரிக்கை யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து விதியே மாறுகிறது. சீட்டில் 30 மாத்திரை, கடையில் இருப்பது 12 என்று வைத்துக்கொள்வோம். ‘எங்களிடம் முழுதாக இல்லை’ என்று மருந்தாளுநர் 12 கொடுத்தால், மீதி 18-ஐ 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முடியாவிட்டால் அந்த 18 போனதுதான், புதுச் சீட்டு வேண்டும். அதுவே நோயாளியோ மருத்துவரோ ‘இப்போது ஒரு பகுதி போதும்’ என்று கேட்டு வாங்கினால், சீட்டு எழுதிய நாளிலிருந்து 30 நாள் வரை மீதியை வாங்கலாம். இதற்கு இடம் தந்தது 2016-ஆம் ஆண்டுச் சட்டம், டிஇஏ விரிவான விதியாக்கியது 2023-இல். ஆகவே கவுன்ட்டரில் ‘என் கோரிக்கையாகவே பகுதியளவு கொடுங்கள், மீதியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதற்கும் மாநிலச் சட்டம் இடம் தர வேண்டும், கடையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பகுதி வாங்கிய சீட்டின் மீதியை வேறு கடைக்கு மாற்ற முடியாது, ஏனென்றால் மாற்றும் விதி முதல் முறை வாங்குவதற்கு மட்டுமே.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ரீஃபில் இல்லை என்றாலும், மொத்தம் 90 நாளுக்கு மேற்படாமல் பல சீட்டுகளை ஒரே நேரத்தில் எழுதித் தர மருத்துவருக்கு அனுமதி இருக்கிறது. எந்தத் தேதிக்கு முன் வாங்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் குறித்திருப்பார். மாதாமாதம் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கும் அலைச்சல் இதனால் குறையும். 20 மில்லிகிராம் கிடைக்காதபோது இரண்டு 10 மில்லிகிராம் என்று எழுதச் சொல்லலாம். கான்சர்ட்டா போன்ற மெதுவாகக் கரையும் மாத்திரைகளை மட்டும் வீட்டில் வெட்டிப் பார்க்காதீர்கள். அடாமாக்செட்டின், குவான்ஃபசின் போன்ற வேறு ஏடிஎச்டி மருந்துகள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாதவை, அதனால் இந்தத் தொல்லைகளும் இல்லை. ஆனால் அடாமாக்செட்டின் முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். அது பொருந்துமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்து பெயர் மாறினால் இன்சூரன்ஸ் முன் அனுமதி கேட்கக்கூடும், அதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

‘ஊரிலிருந்து யாரையாவது பார்சல் அனுப்பச் சொல்லலாமே’ என்ற யோசனை நம் குடும்பங்களில் எழுவது இயல்பு. வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கட்டுப்பாட்டு மருந்தைத் தபாலில் வரவழைப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். இந்தியாவிலும் மெத்தில்ஃபெனிடேட் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்துதான். சமூக வலைத்தளத்தில் சீட்டு கேட்காமல் ‘அடரால்’ விற்பவர்கள் அதைவிட ஆபத்து: அந்தப் போலி மாத்திரைகளில் மெத்தாம்ஃபெட்டமின், ஃபென்டனில் போன்ற ஆபத்தான போதைப்பொருள்கள் இருப்பதாக டிஇஏ எச்சரித்திருக்கிறது.

எந்த நிறுவனத்தின் எந்த அளவு மாத்திரை கிடைக்கிறது என்பதை எஃப்டிஏவின் மருந்துத் தட்டுப்பாட்டுப் பட்டியலில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கையிருப்பு ஒரு வாரத்துக்குக் குறையும்போதே அதைத் திறந்து பார்த்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்வது நல்லது.