மூச்சிரைப்பில் காலுக்கும் பங்குண்டு

இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிட்டு வரும் தம் 72 வயதுத் தந்தைக்குத் தெருமுனை வரை நடந்தாலே இரைக்கிறது என்றும், அவரை நடக்க விடலாமா, வீட்டிலேயே ஓய்வாக இருக்கச் சொல்லலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்நோயில் பலவீனமான இதயம் ரத்தத்தைக் குறைவாகத் தள்ளுகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது, அதனால் மூச்சு வாங்குகிறது என்பது பலரும் அறிந்ததே. ஆனால், மருந்தினால் நீர் வடிந்து, உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருப்பவரும் பத்துப் படி ஏறியவுடன் இரைப்பதற்கு இது மட்டும் காரணமாகாது.

குறைந்த ரத்த ஓட்டத்தோடு நீண்ட நாள் ஓய்வும் சேரும்போது கால் தசைகள் மெலிந்து, அவற்றின் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவின் திறனும் குறைகிறது. அத்தகைய தசையில் சிறு வேலைக்கே அமிலக் கழிவு சேர்ந்துவிடும். அதை உணரும் நரம்பு முனைகள் தசைக்குள்ளேயே இருக்கின்றன. அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை மூச்சை விரைவாக்கி, ரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. சுருங்கிய குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டிய சுமை, ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் மேலேயே வந்து விழுகிறது.

இதயநோய் ஆய்வாளர்கள் மாசிமோ பீப்போலி, ஆண்ட்ரூ கோட்ஸ் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நோயாளி ஒரு கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிப் பிடித்து விடுகிறார். அது முடிந்ததும் மேற்கையில் கட்டிய பட்டையில் காற்றடித்து ரத்த ஓட்டத்தை அடைத்துவிடுகிறார்கள். கை ஓய்ந்துவிட்டது, ஆனால் கழிவு வெளியேற வழியில்லை. இந்நிலையில் நலமானவர்களின் மூச்சு தணிந்துவிட, இதய நோயாளிகளின் மூச்சோ விரைவாகவே நீடித்தது. அசையாமல் கிடக்கும் ஒரு முன்கை ஒருவரை இரைக்க வைக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. அதைவிட மகிழ்ச்சி தந்தது அடுத்த செய்தி: முன்கைக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்ததும் அந்த மிகையான தூண்டல் தணிந்தது.

ஆகவே வாசகரின் தந்தை நடக்கலாம், நடக்கவும் வேண்டும். இதயநோய் என்றாலே படுக்கை என்ற பழைய எண்ணத்தை நம் வீடுகள் இன்னும் கைவிடவில்லை என்பது எனக்கு வருத்தமே. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையில் கிடந்ததில், அவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. இளைஞருக்கே அப்படியென்றால் முதியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2021இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்த 349 முதியோரில் ஒரு பகுதியினருக்குச் சமநிலை, வலிமை, நடமாட்டம், தாங்குதிறன் ஆகிய நான்கிலும் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் எழுவது, நிற்பது, நடப்பது தெளிவாக மேம்பட்டது. காப்புரிமை பெற முடியாத இத்தகைய சிகிச்சைக்கு நிறுவனங்கள் பணம் போடப்போவதில்லை என்பதால், அரசுகள்தாம் இதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால், நாடியை மட்டும் எண்ணி அளவு பார்க்க முடியாது. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். தெருமுனை தொலைவென்றால், கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அதுவும் தொடைத் தசைக்குப் பயிற்சிதான்.