கழித்துக் கழித்துக் கட்டிய எஞ்சின்

1941 டிசம்பரில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படைக்குப் பின்னால், அதற்குச் சோறும் குண்டும் கொண்டுபோக வேண்டிய ரயில் எஞ்சின்கள் நின்றுபோயின. மேற்கு ஐரோப்பாவின் மிதமான குளிரை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அவை. கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் அதன் குழாய்களும் வெளிப்பக்கத்தில் காற்றுபடத் தொங்கின. குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கியதும் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயைப் பிளந்தது. அதே குளிரில் சோவியத் எஞ்சின்கள் ஓடின, ஏனென்றால் அவற்றில் குழாய்களைக் கதகதப்பாக மூடி வைத்திருந்தார்கள்.

இந்த அடிக்குப் பிறகு 1942 செப்டம்பரில் ஜெர்மனியின் போர்சிக் எஞ்சின் ஆலையிலிருந்து வெளிவந்ததுதான் 52ஆம் வகை எஞ்சின். ஜெர்மானியர்கள் அதைப் போர் எஞ்சின் என்றே அழைத்தார்கள். ஏற்கெனவே 1939 முதல் ஓடிக்கொண்டிருந்த 50ஆம் வகை கூட்ஸ் எஞ்சின்தான் இதற்கு அடிப்படை. அதில் சுமார் 6,000 பாகங்கள். அவற்றில் ஏறத்தாழ 1,000 பாகங்களைத் தூக்கி எறிந்தார்கள். இன்னும் 3,000 பாகங்களை எளிமையாக்கினார்கள். எதை எடுக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்ற அந்தக் கணக்கைப் பார்த்தால் நீராவி எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பது நன்றாகப் புரிந்துவிடும்.

முதலில், கை வைக்காத பகுதி. எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதைக் கொதிகலன் மட்டும் தீர்மானிப்பதில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தை எவ்வளவு பற்றுகிறது என்பதும் முக்கியம். இயக்கு சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் சுமார் கால் பங்கு அளவுக்குத்தான் இழுவிசை கிடைக்கும். அதற்கு மேல் நீராவியைத் திறந்துவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சரி, எடையைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், கிழக்கில் இருந்த தண்டவாளங்களும் பாலங்களும் தாங்காது. ஓர் அச்சுக்கு 15 டன் என்று வரம்பு வைத்தார்கள். ஆகவே ஐந்து இயக்கு அச்சுகள், அவற்றின் மேல் சுமார் 75 டன், அதிலிருந்து 18 டன் போல இழுவிசை. முன்னால் ஒரு சிறிய வழிகாட்டி அச்சு. ஐந்து அச்சு நீளமுள்ள எஞ்சின் வளைவில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, நடு அச்சுச் சக்கரங்களின் விளிம்பை மெலிதாகக் கடைந்தார்கள்.

1.4 மீட்டர் விட்டமுள்ள சிறிய சக்கரங்களையும் அப்படியே விட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் குறைந்த தூரமே நகரும், ஆனால் பிஸ்டனின் தள்ளுவிசை அதிக இழுவையாக மாறும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரோடு நின்றுவிடும். கூட்ஸ் வண்டிக்கு அதுவே தாராளம்.

இனி எடுத்த பாகங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது தண்ணீர் ஏற்றும் முறை. கொதிகலனுக்குள் 16 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றைப்போல் 16 மடங்கு. அதை எதிர்த்து உள்ளே தண்ணீர் தள்ள வேண்டும். 50ஆம் வகையில் இதற்கு ஒரு நீராவிப் பம்பும், தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் கருவியும் இருந்தன. சிலிண்டரில் வேலை முடித்து வெளியேறும் நீராவியில் நிறைய வெப்பம் மிச்சம் இருக்கும். அதைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கி அனுப்பினால் பத்து சதவீதம் வரை நிலக்கரி மிச்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பம்பு, குழாய், வால்வு என்று குளிரில் வெடிக்கக்கூடிய எல்லாமே அதில்தான் இருந்தன.

52ஆம் வகையில் இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டு இன்ஜெக்டர்களை மட்டும் வைத்தார்கள். இன்ஜெக்டரில் பிஸ்டனோ விசிறியோ கிடையாது, கூம்பு வடிவக் குழல்கள்தான். கொதிகலன் நீராவி ஒரு குறுகிய வாய் வழியே பாய்ந்து மிகப்பெரிய வேகம் எடுக்கும். வழியில் குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, அதிலேயே குளிர்ந்து தானும் தண்ணீராகிவிடும். இப்போது வேகமாக ஓடும் தண்ணீர்த் தாரை ஒன்று இருக்கிறது. அடுத்த குழல் சிறிது சிறிதாக அகலமாகும்போது தாரையின் வேகம் குறையும், குறைந்த வேகம் அழுத்தமாக மாறும். அந்த அழுத்தம் கொதிகலன் அழுத்தத்தையே மிஞ்சிவிடுவதால் தண்ணீர் வால்வைத் திறந்துகொண்டு உள்ளே போகும். கொதிகலனின் நீராவி அதே கொதிகலனைத் தோற்கடிக்கிறது! குறுகிய வாயில் நீராவி எடுத்த அந்தப் பெரிய வேகமும், அது தண்ணீராக ஒடுங்கி மெல்லிய தாரையாகிவிடுவதும்தான் காரணம். வெப்பமும் தண்ணீரோடு சேர்ந்து கொதிகலனுக்கே திரும்பிவிடும். ஆனால் புகைபோக்கி வழியே வீணாகும் நீராவியின் வெப்பத்தை இது மீட்காது. அந்த நிலக்கரிச் செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

மற்றவற்றிலும் இதே கணக்கு. இணைப்புத் தண்டுகளை முழுதாக அடித்து உருவாக்காமல், உருட்டு ஆலை இரும்பின் நுனிகளில் தலைகளை வெல்டிங் செய்தார்கள். டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கும் அறையைப் பின்பக்கமும் மூடினார்கள். எஞ்சினோடு தண்ணீரையும் நிலக்கரியையும் சுமந்து வரும் பெட்டிக்கு டெண்டர் என்று பெயர். அதற்குத் தனியாக அடிச்சட்டகமே இல்லை. தொட்டியே சுமையைத் தாங்கியது, அதில் 30 கன மீட்டர் தண்ணீரும் 10 டன் நிலக்கரியும் பிடித்தன.

தண்ணீரே கிடைக்காத பகுதிகளுக்கு ஹென்ஷெல் நிறுவனம் இதில் ஒரு தனி ரகம் கட்டியது. வெளியேறும் நீராவியை டெண்டருக்குக் கொண்டுபோய், பெரிய விசிறிகளால் குளிர்வித்து, மீண்டும் தண்ணீராக்கிக் கொதிகலனுக்கு அனுப்பியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண எஞ்சினில் புகைபோக்கிக்குள் பீறிடும் அந்த நீராவிதான் நெருப்புக்குக் காற்றை இழுத்துத் தரும். நமக்குப் பழகிய குப்குப் சத்தம் அதுதான். அது இல்லாததால் காற்றிழுக்க ஒரு டர்பைன் விசிறி வைக்க வேண்டியிருந்தது. எளிமைக்காகப் பிறந்த எஞ்சினில் இவ்வளவு சிக்கலான ரகமும் பிறந்தது, போர் முடிவதற்குள் 170க்கும் சற்று அதிகமாக.

இந்தப் பொறியியலைப் பாராட்டும்போது அது யாருடைய உழைப்பில் உருவானது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. காசெல் நகரின் ஹென்ஷெல் உட்பட ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்கள் வதைக்கப்பட்டார்கள். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில்களையும் இதே எஞ்சின்கள் இழுத்தன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எஞ்சின்களை இவ்வளவு வேகமாகக் கட்ட முடிந்ததில் அந்தக் கொடுமைக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று கட்டியவை பல பத்தாண்டுகள் ஓடின. 15 டன் அச்சு எடையை எந்த நாட்டுத் தண்டவாளமும் தாங்கியது, எந்த ஊர்ப் பட்டறையும் பழுது பார்த்தது. சோவியத் ஒன்றியம் ஏராளமானவற்றை அகலப் பாதைக்கு மாற்றிக்கொண்டது. போலந்து, ஆஸ்திரியா, துருக்கி, நார்வே என்று பல நாடுகள் ஓட்டின. கிழக்கு ஜெர்மனி 1960களில் 200 எஞ்சின்களுக்குப் புதுக் கொதிகலன் பொருத்தியது, கூடவே தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் கருவியையும் திரும்ப வைத்தது. அமைதிக் காலத்தில் நிலக்கரிச் செலவு மறுபடி கணக்கில் வந்துவிட்டது. போஸ்னியாவின் துஸ்லா நகரை ஒட்டிய சுரங்கங்களில் மட்டும் இந்த எஞ்சின்கள் 21ஆம் நூற்றாண்டிலும் வேலை பார்த்தன. சுரங்க வாசலிலேயே நிலக்கரி கிடைத்ததால் அங்கே யாரும் அந்தச் செலவைப் பெரிதாக நினைக்கவில்லை.