காயம்பட்ட வீரரை முதலில் தொடுவது யார்?

கோவையில் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம் என்று அறிவித்துவிட்டால், ஈரோடு, நாமக்கல், தாராபுரம் பக்கத்துப் பையன்கள் விடிவதற்கு முன்பே தார்ச்சாலையில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். உயரம், மார்பளவு, கண், காது என எல்லாம் பார்த்துத்தான் ஆளை எடுக்கிறார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த உடம்பில் ஒரு குண்டு பாய்ந்தால் அப்புறம் என்ன நடக்கும்? பெற்றவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி. ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்தான் தமனி. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். எத்தனை டாக்டர்களை வேலைக்கு எடுத்தாலும், சண்டை நடக்கும் இடத்துக்கு அந்த நேரத்தில் ஒருவர் வந்து சேர்வது நடக்காத காரியம். அதனால் ராணுவ மருத்துவம் டாக்டரிடம் தொடங்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் சக வீரரின் கையில் தொடங்குகிறது.

அந்தக் கையில் இருக்க வேண்டியது டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்தும் இறுக்குக் கட்டு. அகலமான பட்டை, அதை முறுக்க ஒரு சிறு கோல், அவ்வளவுதான். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல் மாட்டி, ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்குவது ஆபத்து. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளில் அழுத்தம் குறைவு என்பதால் அவை முதலில் அடைபட்டுவிடும். அதிக அழுத்தத்தில் ஓடும் தமனி திறந்தே இருக்கும். காலுக்குள் போகும் ரத்தம் திரும்ப வழியில்லாமல் காயத்தின் வழியே இன்னும் அதிகமாகக் கொட்டும். அடிபட்டவர் வலியில் துடிப்பார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் கண்ணில் படும்படி எழுதிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டத் தாண்ட தசையும் நரம்பும் கெடும் ஆபத்து கூடிக்கொண்டே போகும் என்பதால், அடுத்த கட்டத்து மருத்துவருக்கு அந்த நேரம் கட்டாயம் தெரிய வேண்டும்.

அடுத்த கட்டம், பட்டாலியன் என்னும் படைப்பிரிவோடு கூடவே இருக்கும் மருத்துவ அதிகாரியும் அவருடைய நர்சிங் அசிஸ்டென்ட்களும். சண்டை இல்லாத நாளில் குடிநீர், தடுப்பூசி, கொசு, மலையேறும் வீரர்களை உயரத்துக்குப் பழக்குவது எல்லாம் இவர்கள் பொறுப்புதான். 1943இல் உருவான ராணுவ மருத்துவப் படைப்பிரிவும், 1948இல் புனேயில் தொடங்கிய ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியும் இந்த ஆட்களைத் தருகின்றன.

அதற்கும் பின்னால் அறுவை சிகிச்சைக் குழு. இங்கே டாக்டர்கள் எல்லாவற்றையும் சரிசெய்ய முயல்வதில்லை. காளிங்கராயன் வாய்க்காலில் கரை உடைந்தால் மண்மூட்டையைப் போட்டு முதலில் தண்ணீரை நிறுத்துவோம், கரையைக் கட்டுவது மறுநாள் வேலை. அதே கணக்குதான். ரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்துபோகும், ரத்தத்தில் அமிலம் ஏறும், உறையும் தன்மை குறையும். மூன்றும் ஒன்றையொன்று மோசமாக்கும். அந்த நிலையில் மணிக்கணக்கில் அறுத்துத் தைத்தால் மேசையிலேயே உயிர் போகலாம். ஆகவே ரத்தக்கசிவை நிறுத்தி, கிழிந்த குடலிலிருந்து கசிவதை அடைத்து, தேவைப்பட்டால் வயிற்றை முழுதாக மூடாமல் மேலே மட்டும் மறைத்து, வீரரை வெதுவெதுப்பாக்கி ரத்தம் ஏற்றுவார்கள். முழு அறுவை சிகிச்சை, உடம்பு தேறிய பிறகு.

இந்த ஏற்பாட்டை நம் பக்கமே நேரில் பார்த்தது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முதலில் ஓடியவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். கடும் தீக்காயத்தோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்குக்கு வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியது. மறுநாள் சூலூர் வரை ஆம்புலன்ஸ், அங்கிருந்து விமானத்தில் பெங்களூரு விமானப்படை மருத்துவமனை. டிசம்பர் 15இல் அவர் காலமானார். எல்லாப் படிகளும் வேலை செய்தும் சில காயங்களை வெல்ல முடிவதில்லை.

சரி, சீருடையைக் கழற்றிய பிறகு? முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1இல் தொடங்கியது. கோவையிலும் அதன் பாலிகிளினிக், அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ மையம், இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் டாக்டர், நர்ஸ், மருந்தாளர் எல்லாரும் ஒப்பந்த ஊழியர்கள். ஒருவர் விலகினால் புது ஆள் வரும் வரை வரிசை நீளும். பல்லடத்திலிருந்து பஸ் ஏறி சர்க்கரை மாத்திரைக்கு வரும் எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய பாடு. அந்த இடங்களை நிரந்தரமாக நிரப்புவதுதான் நியாயம். பெரிய சிகிச்சை என்றால் பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டு வாங்கி, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். மாரடைப்பு மாதிரி அவசரத்தில் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, பாலிகிளினிக்குக்கு உடனே தகவல் சொல்லிவிட வேண்டும். திட்ட அட்டை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.